குரங்கு, முசு, கொசு: ஒரு தோட்டத்துக் காய்ச்சலின் சொல்வரலாறு



இப்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டு மன்றத்தினர் அழைத்தபோது, மலேசியத் தமிழில் கலந்துள்ள மலாய்க் கடன்சொற்களைப் பற்றிப் பேசுவதாகவே யாம் எண்ணியிருந்தோம். வாழ்நாளெல்லாம் செய்துவந்த பணி அது; குறிப்பேடுகளும் ஆயத்தமாக இருந்தன. அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஆறாம் படிவ மாணவி ஒருவர். வடதுருவப் பனிக்கரடியின் தசையில் வாழும் புழுவொன்று அதன் இறைச்சியை உண்ணும் மனிதருக்கும் தொற்றுவதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று ஈப்போவில் எம் இல்லத்திற்கு வந்தார். மூன்று வினாக்கள் கேட்டார். அப்புழுவை ஒட்டுண்ணி என்று எழுதலாமா? விலங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோய்க்குத் தமிழில் ஒரே சொல் உண்டா? மூன்றாவது வினா போகிற போக்கில் வந்தது: “நம்ம ஊரில் இப்படி ஏதாவது உண்டா ஐயா?”

முதல் இரண்டுக்கும் தேநீர் ஆறுவதற்குள் விடை சொல்லிவிட்டோம். மூன்றாவதற்கு விடை தேடச் சில மாதங்கள் பிடித்தன. இன்றைய பொழிவு அவ்விடைதான்.

சொற்களை முதலில் முடித்துவிடுவோம். ஒட்டுண்ணி நல்ல ஆக்கம். உண்ணி என்பது உண்பது என்று பொருள்படும். மாட்டின் காதுமடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் சிற்றுயிருக்கும் அதுவே பெயர். சொல்லாக்கியவர் மாட்டுத்தொழுவத்தை அறிந்தவராயிருக்க வேண்டும். மரத்தின்மேல் வளர்ந்து மரத்தையே உண்ணும் செடியைப் புல்லுருவி என்றனர் நம் முன்னோர். குடலில் வாழ்பவற்றுக்கு நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்று வீட்டுவழக்கில் பெயருண்டு. கொக்கிப்புழு, நாடாப்புழு முதலியன பாடநூல் வழியே வந்தவை. அவற்றில் அயல்மொழியின் வடிவம் தெரியும். எனினும் பிழையில்லை, வழங்கட்டும்.

இரண்டாம் வினாவுக்கு ‘விலங்குவழி நோய்’ என்று சொன்னோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் அச்சொல்லில் ஒரு கோணல் உண்டு. விலங்கு கொடுக்கிறது, மனிதன் வாங்கிக்கொள்கிறான் என்று அது நம்மை நினைக்கவைக்கிறது. நடப்பது பெரும்பாலும் அவ்வாறன்று. மனிதன் விலங்கின் இருப்பிடத்துக்குப் போகிறான். அல்லது அதன் இருப்பிடத்தைக் கலைக்கிறான்.

வடக்கிலிருந்தே இரு சான்றுகள் தருவோம். 1897 ஜூலையில் சுவீடனைச் சேர்ந்த ஆந்திரே என்பார் இரு தோழருடன் ஹைட்ரஜன் பலூனில் ஏறி, ஸ்வால்பார்டிலிருந்து வடமுனை நோக்கிப் புறப்பட்டார். மூன்றாம் நாளே பலூன் பனிப்பரப்பில் இறங்கிவிட்டது. மூவரும் நடந்தனர், வழியில் கரடிகளைச் சுட்டு உண்டனர், அக்டோபரில் ஒரு வெண்பனித் தீவை அடைந்து அங்கேயே மாண்டனர். 1930இல்தான் உடல்களும் நாட்குறிப்புகளும் கிடைத்தன. உணவும் துப்பாக்கியும் இருக்க, ஏன் இறந்தனர் என்பது புதிராக இருந்தது. 1952இல் டென்மார்க்கு மருத்துவர் டிரைட், எஞ்சியிருந்த கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்னும் சுருள்புழுவின் தடயத்தைக் கண்டு, அதுவே காரணம் என்றார். வேறு காரணம் கூறுவோரும் உளர். கரடி அவர்களைத் தேடி வரவில்லை என்பது மட்டும் தெளிவு. அதே வடநிலத்தில், கனடாவின் நுனாவிக்குப் பகுதியில் வாழும் இனுவிட்டு மக்கள் இன்று என்ன செய்கிறார்கள் தெரியுமா? வேட்டையாடிய வால்ரஸின் நாக்கைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, புழு இல்லை என்ற செய்தி வந்த பின்னரே இறைச்சியைப் பகிர்ந்து உண்கின்றனர். மரபுணவையும் விடவில்லை, நோயையும் ஏற்கவில்லை.

மற்றொன்று ஜப்பானின் வடகோடியிலுள்ள ரெபுன் தீவில் நடந்தது. 1920களில் எலியினத்தைக் கட்டுப்படுத்தவும் தோலுக்காகவும் குரில் தீவுகளிலிருந்து நரிகளைக் கொணர்ந்து விட்டனர். நரியோடு அதன் குடலிலிருந்த நாடாப்புழுவும் கரையிறங்கியது. சில ஆண்டுகளில் தீவு மக்களுக்குக் கல்லீரலை அரிக்கும் நோய் கண்டது.

இனி நம் ஊர்.

பேராக்கில் ரப்பரின் கதை கோலகங்சாரில் தொடங்குகிறது. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாக வந்த கன்றுகளை 1877இல் ஹியூ லோ அங்கு நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையடிவாரங்களெல்லாம் வெட்டி வெளியாக்கப்பட்டன. வெட்டியவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்தனர். ஆந்திரேயும் தோழரும் பனியில் கரடி உண்டு நடந்துகொண்டிருந்த அதே 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் அவ்வறிவைச் செயலில் காட்டினார். சதுப்பை வடித்தார், புதரை வெட்டினார், காய்ச்சல் குறைந்தது.

எம் பொழிவின் முதல் திருப்பம் இங்குதான் வருகிறது. கிள்ளானில் பலித்த முறையை மலையடிவாரத் தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் கூடியது. கரையோரச் சதுப்பின் கொசுவுக்கு அனோஃபிலிஸ் அம்புரோசஸ் என்று பெயர். இலத்தீனில் அம்புரோசஸ் என்றால் நிழல் மிக்கது. அது நிழல் நீரில் முட்டையிடும். காட்டை வெட்டினால் போய்விடும். மலைப்பக்கத்துக் கொசு அனோஃபிலிஸ் மக்குலாட்டஸ், அதாவது புள்ளியுடையது. அதற்கு வேண்டியது வெயில் படும் தெளிந்த நீரோட்டம். காடு அடர்ந்திருந்தவரை மலையோடைகளில் வெயில் படவில்லை. ரப்பர் நட மரங்களை வீழ்த்தியதும் ஓடைகள் ஒளி பெற்றன, கொசு பெருகியது, ஓடைக்கரையிலேயே லயங்கள் கட்டப்பட்டிருந்தன. எந்தக் கொசு என்று பெயர் அறியாமல் கொசுவை ஒழிக்க முடியாது என்பதை வாட்சன் உணர்ந்தார். 1911இல் நூலாகவும் எழுதினார். இனம் பிரித்துப் பெயரிடுவது புலவர்க்கான பொழுதுபோக்கு என்று எண்ணும் மாணவர் எவரேனும் இங்கிருந்தால், அவருக்காகவே இதைச் சற்று விரித்துச் சொன்னோம்.

இன்னொரு செய்தி. அந்த நிழற்கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்ட மலேரியா ஒட்டுண்ணிகள் எல்லாம் மனிதருடையவையே என நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1960களில், அவற்றில் பெரும்பகுதி சருகுமானுடையவை என்று தெரியவந்தது. சாங் கஞ்சில் கதை படித்த பிள்ளைகளுக்குச் சருகுமானைத் தெரியும். முதலைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிய அதே சிறுமான்தான். அதற்கும் ஒரு மலேரியா உண்டு. அது நம்மைத் தொடுவதில்லை.

எம் பாட்டனார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொசு எண்ணெய் அடிப்பவராக இருந்தார். முதுகில் தகரக் கலன், கையில் குழாய். ஓடையோரமாகவே அவர் நாள் கழியும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் டிரசர் ஒவ்வொருவர் வாயிலும் கொயினா மருந்தை ஊற்றுவாராம். கசப்பு தாங்காமல் சிலர் மரத்தின் பின்னே சென்று துப்பிவிடுவர் என்பார் பாட்டி. காய்ச்சல் மாறாத பிள்ளையின் இடப்பக்க வயிற்றை அழுத்திப் பார்த்து, “காய்ச்சல் கட்டி விழுந்திருக்கு” என்றும் சொல்வார். மண்ணீரல் வீக்கத்தைத்தான் அவர் அவ்வாறு சொன்னார். வாட்சனும் தோட்டப் பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே ஒரு தோட்டத்தின் காய்ச்சல் அளவை மதிப்பிட்டார். மலாய்மொழியில் மலேரியாவுக்கு டெமாம் குரா என்று பெயர். குரா என்பது மண்ணீரல். ஆங்கிலேய மருத்துவரும் மலாய்க்காரரும் எம் பாட்டியும் ஒரே உறுப்பில் கைவைத்திருக்கிறார்கள்.

காய்ச்சலின் முறையையும் தமிழர் எண்ணியிருந்தனர். விட்டுவிட்டு வருவது முறைக்காய்ச்சல். இரண்டு நாள் இடைவிட்டு வருவது நாலாமுறைக் காய்ச்சல். இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள்தானே என்று கேட்கலாம். காய்ச்சல் கண்ட முதல்நாளையும் சேர்த்து எண்ணுவது மரபு. இலத்தீன்காரரும் அவ்வாறே எண்ணி அதை நான்காம் நாள் காய்ச்சல் என்றனர். ஒட்டுண்ணி நம் குருதிச் சிவப்பணுவுக்குள் நுழைந்து பெருகி, அதை வெடித்து வெளிவரும் நேரத்தில் குளிரும் நடுக்கமும் எடுக்கும். மனித மலேரியாவில் வைவாக்ஸ், ஃபால்சிபாரம் ஆகியவற்றுக்கு அச்சுற்று 48 மணி. மலேரியே என்னும் வகைக்கு 72 மணி. 72 மணிக்குரியதே நாலாமுறை. நாள்தோறும், 24 மணிக்கொரு முறை வெடிக்கும் மலேரியா ஒட்டுண்ணி மனிதருக்கு உரியதாக எதுவும் இல்லை. இதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர்த் தேவைப்படும்.

1967இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீட்டுச் சாமான்களையெல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, சுவரெங்கும் டிடிடி தெளிக்கப்படுவதை நாங்கள் வேடிக்கை பார்த்தது நினைவிருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ச்சல் அடங்கியது. அடங்கியதோடு அதன் பெயர்களும் அடங்கின. யாம் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற காலத்தில் குளிர்காய்ச்சல் என்றால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று பொருளாகிவிட்டது.

இனிக் குரங்கிடம் வருவோம்.

தொல்காப்பிய மரபியலில், குரங்கு, முசு, ஊகம் என்னும் மூன்றன் பெண்ணையும் மந்தி என வழங்குவது மரபு என்று ஒரு செய்தி வருகிறது. வகுப்பில் இதை மரபுப்பெயர் பாடமாக மட்டும் நடத்திவிட்டுச் செல்கிறோம். மூன்றும் ஒன்றல்ல என்று ஆசிரியர் கருதியிருப்பதை எவரும் நிறுத்திச் சொல்வதில்லை. குரங்கு என்பது கன்னத்தில் உணவை அடக்கி வைக்கும் இனம். முசு என்பது நீண்ட வாலோடு இலை தின்று வாழும் இனம். மலாயில் இப்பகுப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. நீண்டவால் குரங்குக்குக் கெரா. பன்றிவால் குரங்குக்குப் பேரோக், தென்னை மரமேறிக் காய் பறிக்கப் பழக்குவது இதனைத்தான். இலையுண்ணும் கருமுசுவுக்கு லோத்தோங். மலேசியத் தமிழில் நாம் மூன்றையும் குரங்கு என்று ஒரே சொல்லால் வழித்தெறிந்துவிட்டோம். மலாய்க்காரர் காத்துவரும் நுட்பத்தைத் தொல்காப்பியம் படித்தவர்கள் இழந்தது எமக்கு வருத்தமே.

நோயும் இப்பகுப்பை அறியும். யானைக்கால் நோய் தரும் நூற்புழுக்களில் ஒன்று புருகியா மலாயி. மலாயாவின் பெயரையே தாங்கியது. சதுப்புக் காடுகளில் இலையுண்ணும் முசுவினத்தில் அது வாழ்கிறது, வீட்டுப் பூனையிலும் வாழ்கிறது, மான்சோனியாக் கொசு வழியே மனிதருக்கும் வருகிறது. 1950களிலும் 60களிலும் இந்நாட்டில் பணியாற்றிய ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக நிறுவினர். நாம் பேசவந்த காய்ச்சலோ பெரும்பாலும் குரங்கினுடையது. கெராவும் பேரோக்கும் அதன் நிலையான இருப்பிடங்கள்.

அக்காய்ச்சலின் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1931இல் அங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு நீண்டவால் குரங்கின் குருதியில் புதுவகை மலேரியா ஒட்டுண்ணி தென்பட்டது. ராபர்ட் நோல்ஸ், தாஸ் குப்தா ஆகிய இருவரும் அதை ஆராய்ந்து, குருதி வழியாக மனிதருக்கும் அது தொற்றும் என 1932இல் வெளியிட்டனர். அதே ஆண்டு அதற்குப் பெயர் சூட்டப்பட்டது: பிளாஸ்மோடியம் நோலெசி. ஆராய்ந்தவர் இருவர், பெயரில் நிலைத்தவர் ஒருவர். தாஸ் குப்தாவின் பெயர் ஏன் விடுபட்டது என்று எமக்கு ஒரு குறை உண்டு. பெயரிடும் மரபு ஒருவரைத்தான் தாங்கும் என்பார்கள், அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. அதன் சுற்று 24 மணி. நாள்தோறும் காய்ச்சல்.

அக்காலத்தில் சிபிலிஸ் நோய் மூளையைத் தாக்கியவர்களுக்கு வேண்டுமென்றே மலேரியா ஏற்றிக் காய்ச்சலால் குணப்படுத்தும் மருத்துவம் இருந்தது. அதற்கும் இக்குரங்கு ஒட்டுண்ணியைச் சிலர் பயன்படுத்தினர். ஊசி இல்லாமல், காட்டில் தானாக இது மனிதருக்கு வருமா என்பதுதான் விடை தெரியாதிருந்தது. 1965இல் விடை வந்தது. அமெரிக்காவின் நில அளவையாளர் ஒருவர் பகாங் காட்டில் சில நாள் தங்கி, இரவில் வேலை செய்து பகலில் உறங்கினார். நாடு திரும்பியதும் காய்ச்சல். குருதியைக் கண்ணாடியில் பார்த்தவர் முதலில் ஒரு மனித மலேரியா என்றார். அடுத்துப் பார்த்தவர் மலேரியே என்றார். ஆய்வுக்கூடத்தில் அக்குருதியைக் குரங்குக்கு ஏற்றியபோது குரங்குகள் இறந்தன. அப்போதுதான் அது நோலெசி என்று தெரிந்தது. உடனே பகாங்கில் அவர் தங்கிய வட்டாரத்து மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் குருதியை எடுத்துக் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். ஒரு குரங்குக்கும் நோய் வரவில்லை. எனவே இது மிக அரிது என்று முடிவுகட்டி ஏட்டை மூடிவிட்டனர்.

ஏடு ஏறத்தாழ நாற்பதாண்டு மூடிக்கிடந்தது. திறந்தது சரவாக்கின் கப்பிட் பட்டணத்தில். மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் முதலியோர் ஒரு முரணைக் கண்டனர். அங்கு மலேரியே என்று பெயரெழுதப்பட்ட நோயாளிகள் மிகுதியாக இருந்தனர். மலேரியே மெதுவானது, குருதியில் ஒட்டுண்ணி குறைவாகவே இருக்கும், இந்நோயாளிகளுக்கோ மிகுதியாக இருந்தது. மரபணுச் சோதனை செய்தால் மலேரியே இல்லை என்று வந்தது. நோலெசிக்கென்று தனிச் சோதனை வகுத்துப் பார்த்தனர். 2004இல் வெளியான அவ்வாய்வில், 208 நோயாளிகளில் 120 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 58 பேருக்கு, இருந்தது குரங்கின் மலேரியா.

இதை நம் துறையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியின் கீழ் நோலெசியும் மலேரியேயும் ஒருபோலத் தோன்றும். இளம்பருவத்தில் நோலெசி ஃபால்சிபாரம் போலவும் தோன்றும். ஒலி ஒத்த இரு சொற்களை ஒரே சொல் என்று அகராதியில் ஏற்றினால் என்ன நேருமோ அதுதான் நேர்ந்தது. பதிவேட்டில் தவறான பெயர் இருந்தமையால் நோயே இல்லை என்றாகிவிட்டது. காய்ச்சல் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்று நோயாளியைக் கேட்டிருந்தாலே ஐயம் பிறந்திருக்கும். நாலாமுறைக் காய்ச்சல் நாள்தோறும் வராதே!

பிறகு தீபகற்பத்திலும் தேடினர்; கிடைத்தது. 2008இல் வெளியான ஆய்வில், இந்திரா வைத்திலிங்கமும் உடன் ஆய்ந்தோரும் பகாங்கின் கோலா லிப்பிஸ் வட்டாரத்தில் அனோஃபிலிஸ் கிரேசன்ஸ் என்னும் கொசுவே அங்கு இதைக் கடத்துகிறது என்று காட்டினர். சரவாக்கில் லேட்டன்ஸ், சபாவில் பாலபாசென்சிஸ்; எல்லாம் லியூக்கோஸ்பைரஸ் என்னும் ஒரே தொகுதிக் கொசுக்கள். காட்டிலும் காட்டோரத்திலும் வாழ்பவை. அந்தி சாயும் வேளையில், வீட்டுக்கு வெளியே கடிப்பவை. எனவே படுக்கையில் கொசுவலை கட்டினால் மட்டும் போதாது. 24 மணிக்கொரு முறை பெருகுவதால் நோய் விரைந்து முற்றும். சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகி இறந்தவர்களும் உண்டு. காலத்தில் கண்டுபிடித்தால் மருந்துக்கு நன்கு கட்டுப்படும்.

2018 முதல் நம் நாட்டில் உள்நாட்டிலேயே தொற்றிய மனித மலேரியா எவருக்கும் இல்லை. பெரும் சாதனை அது. எம் பாட்டனாரின் தகரக் கலனுக்கும் அதில் ஒரு துளிப் பங்கு உண்டு என்று எண்ணிக்கொள்வோம். அதே 2018இல் நோலெசி கண்டவர் 4,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் சபா, சரவாக்கினர். பேராக் உள்ளிட்ட தீபகற்ப மாநிலங்களிலும் உண்டு. காட்டில் மரம் வெட்டுவோர், செம்பனைத் தோட்டத்தார், காட்டோரம் பயிரிடுவோர், பெரிதும் ஆடவர். மலேரியா இல்லாத நாடு என்று நம்மை அழைக்கலாமா என்னும் கேள்வியை இந்த ஒரு சொல்தான் சிக்கலாக்கியது.

யாம் இத்துறையில் நுழைந்த காரணத்தை இதுவரை முழுமையாகச் சொல்லவில்லை. மாணவியின் வினா ஒன்று. மற்றொன்று எம் தாய்மாமன்.

மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. பால்வெட்டி வாழ்ந்தவர். தோட்டம் துண்டாடப்பட்டுச் செம்பனையான பின்னர்ப் பலரும் பூந்தோங்குக்கும் பிற பட்டணப் பகுதிகளுக்கும் குடிபெயர, அவர் மட்டும் மலையடிவாரத்தில் சிறு டுரியான் தோப்பொன்றைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். பழக்காலத்தில் அந்தியிலும் அங்கேயே காவல் இருப்பார். கெராக்கள் கூட்டமாக வரும். ஒருமுறை காய்ச்சல் என்று அழைத்தார். கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். சோர்ந்திருந்தமையால் எம்மையே பேசச் சொன்னார். மருத்துவர் மலாயில் கேட்டார், மாமா தமிழில் சொன்னார், யாம் மொழிபெயர்த்தோம். மாமா சொன்னது இது: “மாப்பிள்ளை, இது குளிர்காய்ச்சல். பழைய காய்ச்சல். தினம் சாயங்காலம் வந்துருது.”

‘காய்ச்சல், குளிர்கிறது என்கிறார்’ என்று மலாயில் சொன்னோம். தினம் சாயங்காலம் என்பதை விட்டோம். பழைய காய்ச்சல் என்பதை முதியவர் பேச்சு என்று விட்டோம். குளிர்காய்ச்சலுக்கு நேரான மலாய்ச்சொல் டெமாம் குரா என்பது எம் முனைவர் பட்ட ஆய்வின் சொற்பட்டியலில் எம் கையாலேயே எழுதியது. அந்த நேரத்தில் அது நினைவில் எழவில்லை. டிங்கிக்குச் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது. காய்ச்சல் மாத்திரையோடு வீடு திரும்பினோம். எங்கே போயிருந்தீர்கள் என்று அங்கு எவரும் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மூச்சுத் திணறி வேறொரு மருத்துவமனையில் சேர்த்தபோது, இளம் மருத்துவர் ஒருவர்தாம் முதலில் கேட்டார்: “தாத்தா காட்டுப்பக்கம் போவாரா?” குருதியைப் பார்த்தார்கள், பின்னர் மரபணுச் சோதனை நோலெசி என்று உறுதிசெய்தது. இரண்டு வாரம் படுக்கை. சிறுநீரகம் தேறுவதற்கு மேலும் சில வாரம். பிழைத்துக்கொண்டார். தம் பேரர்களிடம், “உங்க மாமா பெரிய படிப்பு படிச்சவரு, நான் சொன்னது மட்டும் அவருக்குப் புரியல” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். எமக்குச் சிரிப்பு வருவதில்லை.

அதன்பின் தமிழ்க் கையேடுகளைத் தேடிப் பார்த்தோம். ‘குரங்கு மலேரியா’ என்றே எல்லோரும் எழுதுகின்றனர். எமக்கு அச்சொல்லில் தயக்கம் உண்டு. 2022இல் குரங்கம்மை பரவியபோது பிரேசிலில் சிலர் குரங்குகளைக் கல்லால் அடித்தும் நஞ்சிட்டும் கொன்றனர். அப்பரவலில் குரங்குகளுக்குப் பங்கே இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோயின் பெயரை எம்பாக்ஸ் என்று மாற்றப் பரிந்துரைத்தது. குரங்கு மலேரியா என்று கேட்டதும் குனோங் சீரோ முருகன் கோயிலடியில் திரியும் குரங்கைப் பார்த்து ஒருவர் அஞ்சலாம். அஞ்ச வேண்டியதில்லை. குரங்கு தொட்டாலோ கடித்தாலோ இந்நோய் வராது. காட்டுக்கொசு இல்லாத இடத்தில் குரங்கு மட்டும் இருந்து பயனில்லை.

ஆகவே ஆசிரியர் பட்டறை ஒன்றில் ‘காட்டோரக் காய்ச்சல்’ என்று ஒரு பெயரை முன்வைத்தோம். இடத்தைச் சுட்டுவதே எச்சரிக்கைக்குப் போதும் என்று வாதிட்டோம். பின்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் எழுந்தார்: “ஐயா, காட்டோரத்தில் குடியிருக்கும் என் மாணவனின் அப்பா இதைக் கேட்டால், தன் வீட்டுக் காய்ச்சல் என்று நினைப்பாரா, வேறு எவருடைய காய்ச்சலோ என்று நினைப்பாரா? குரங்கு என்றால் நின்று கேட்பார்.” விடை சொல்ல இயலவில்லை. பூர்வகுடி மக்களையும் தோட்டத்தில் எஞ்சியவர்களையும் சுட்டும் பெயராக அது மாறிவிடக்கூடும் என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். எனவே பேச்சில் குரங்கு மலேரியா இருக்கட்டும். எழுத்தில் நோலெசி மலேரியா என்று எழுதி, கொசு கடத்துவது என்று ஒரு வரி சேர்ப்போம் என்று இப்போதைக்கு உடன்பட்டிருக்கிறோம். இதைவிட நல்ல சொல்லை இங்குள்ள மாணவர் ஒருவர் ஆக்கினால் எம்முடையதை மகிழ்ச்சியோடு விட்டுவிடுவோம்.

பெயரைவிட அவசரமானது ஒன்று உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை எழுபது, எண்பது வயதில் இருக்கிறது. காய்ச்சல்களுக்கு அவர்களிடம் உள்ள சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக இல்லை. எப்போது வரும், எப்படி விடும், நாவில் என்ன சுவை, எந்த உறுப்பில் வலி என்று ஒவ்வொரு சொல்லும் ஒரு நோய்க்குறியைத் தாங்கி நிற்கிறது. மாணவர்கள் வார இறுதியில் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, சொல்லையும் அவர்கள் தரும் விளக்கத்தையும் அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அருகில் நேரான மலாய்ச்சொல்லையும் எழுதுங்கள், கிளினிக்கில் சொல்வதற்கு. எம்மிடம் இதுவரை சேர்ந்தவை ஓர் ஏட்டின் பாதியளவு. முதற்பக்கத்தில் ‘பழைய காய்ச்சல்’ இருக்கிறது. பொருள் சொன்னவர் மாமா.

அவர் இவ்வாண்டும் தோப்புக்குச் செல்கிறார். முழுக்கைச் சட்டை, கைகாலில் கொசு மருந்து, நான்கு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட வேண்டும் என்று எம் அத்தையின் கட்டளை. அந்திக்குப்பின் விழும் பழங்கள் கெராக்களுக்கு.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.